கொலம்பியாவின் சொந்தக்காரர்

1906 மே 6, ஞாயிற்றுக்கிழமை. சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவிலிருந்து கிழக்கே போனால் கடற்கரைச் சமவெளி முடிந்து மதோனியே மலைகள் தொடங்கும். கோவேறு கழுதைகள் நடந்து பழகிய அந்த மலையின் மண்பாதைகளில் அன்று பத்து மோட்டார் கார்கள் பந்தயம் ஓடின. ஒரு சுற்று ஏறக்குறைய 149 கி.மீ.; மொத்தம் மூன்று சுற்று. இத்தாலா கார் ஓட்டிய அலெஸ்ஸாந்த்ரோ கான்யோ ஒன்பதரை மணி நேரத்தில் முதலாவதாக வந்தார். சராசரி வேகம் மணிக்கு 47 கி.மீ. பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற தார்கா ஃப்ளோரியோ பந்தயத்தின் முதல் ஆட்டம் இது. நடத்தியவர் பலெர்மோவின் பெரும் செல்வக் குடும்பத்தின் இளைய வாரிசு வின்செஞ்ஸோ ஃப்ளோரியோ. அப்போது வயது 23.

அந்தப் பணம் வந்த வழி நீண்டது. தாத்தா காலத்தில் பலெர்மோவில் மளிகைச் சரக்கும் மருந்துச் சரக்கும் விற்ற கடை. பிறகு மார்சாலா ஒயின். பிறகு ஃபவின்யானா தீவின் சூரை மீன் பிடிப்பும் அதை எண்ணெயில் ஊறவைத்து டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையும். எல்லாவற்றுக்கும் மேலே கப்பல்கள். 1881-ல் ஜெனோவாவின் ருபாத்தினோ நிறுவனத்தோடு சேர்ந்து இத்தாலியின் மிகப் பெரிய கப்பல் நிறுவனத்தையே இந்தக் குடும்பம் உருவாக்கியது. ஜெனோவா, நாப்போலியைப் போலப் பலெர்மோவும் அமெரிக்காவுக்கு ஆள் ஏற்றும் துறைமுகமாக இருந்த காலம் அது. தீவில் பிழைக்க வழி இல்லாமல் முதல் உலகப் போருக்கு முன்னால் லட்சக்கணக்கில் சிசிலிக்காரர்கள் கப்பல் ஏறினார்கள்.

அப்படி அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர் ஜுசெப்பே மாரியோ பெல்லாங்கா. பலெர்மோவுக்குத் தெற்கே, தீவின் மறுகரையில் உள்ள ஷாக்கா என்ற மீன்பிடி ஊரில் 1886 மார்ச் 19 அன்று பிறந்தவர். வின்செஞ்ஸோ ஃப்ளோரியோவுக்கு மூன்றே வயது இளையவர். விமானம் வடிவமைத்தார், தானே ஓட்டக் கற்றார், பள்ளி வைத்துப் பிறருக்கும் கற்றுக்கொடுத்தார், கடைசியில் தொழிற்சாலை முதலாளியும் ஆனார். நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு நடுவில் இறங்காமல் முதலில் பறந்திருக்க வேண்டிய விமானம் அவருடையது. பறக்காமல் போனதற்கு அந்த விமானத்தின் இயந்திரமோ இறக்கையோ காரணமில்லை. அதன் சாவி வேறொருவர் பையில் இருந்ததுதான் காரணம்.

பெல்லாங்காவின் வாழ்க்கையில் இந்தக் கதை ஒரு தடவை நடந்து முடிந்துவிடவில்லை. பொறியியல் படிக்க அவர் மிலானுக்குப் போனார். அங்கே 1909-ல் எனேயா போஸ்ஸி, பாவுலோ இன்வெர்னிட்ஸி என்ற இரு நண்பர்களோடு சேர்ந்து ஒரு விமானம் கட்டினார். முழுக்க இத்தாலியிலேயே வரைந்து, இத்தாலியிலேயே கட்டிய முதல் விமானம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது அதைத்தான். அடுத்த விமானத்தின் உடலும் இறக்கையும் தயாராயின. தகுந்த எஞ்சின் வாங்கக் காசில்லை. அது பறக்கவே இல்லை.

அதே ஆண்டுகளில் பலெர்மோவில் ஃப்ளோரியோ தன் பந்தயத்துக்கும் அதைப் பற்றிய பளபளப்பான பத்திரிகைக்கும் தாராளமாகச் செலவு செய்துகொண்டிருந்தார். அந்தப் பணத்தில் ஒரு துளி ஷாக்காக்காரரிடம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது எளிது. பதில் சொல்ல முடியாது. ஆனால் கைத்தொழில் இல்லாததால்தான் சிசிலியில் விமானம் பிறக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அக்கால விமானம் மரச்சட்டமும் துணியும்தான். பலெர்மோவின் ஸிஸா பகுதியில் வித்தோரியோ துக்ரோ நடத்திய மரச்சாமான் தொழிற்சாலை, கட்டடக் கலைஞர் எர்னெஸ்தோ பஸீலே வரைந்து தந்த நாற்காலிகளையும் அலமாரிகளையும் செய்து பெயரெடுத்த இடம். கப்பல்களின் உள் அலங்கார வேலையும் அங்கே நடந்தது. முதல் உலகப் போர் வந்ததும் அதே தச்சர்கள் விமானம் செய்தார்கள். அந்தக் கூடங்கள் இன்று கலை நிகழ்ச்சிகள் நடக்கும் இடமாக நிற்கின்றன. ஆக, கை இருந்தது, பணமும் இருந்தது. விமானத்தைக் கணக்குப் போட்டு வரையத் தெரிந்த மனிதர் மட்டும் போருக்கு முன்பே, 1911-ல், நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் போய்விட்டார்.

புரூக்ளினில் அவருடைய சகோதரர் கார்லோ ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். அந்தக் கடையின் பின்கட்டில் பெல்லாங்கா தன் மூன்றாவது விமானத்தைக் கட்டினார். உட்காருபவரின் தலைக்கு மேலே குடை பிடித்த மாதிரி ஒற்றை இறக்கை. கட்டி முடித்ததும் அதை லாங் ஐலண்டின் மினியோலா மைதானத்துக்குக் கொண்டுபோனார். ஓட்டக் கற்றுத்தர யாருமில்லை. முதலில் தரையிலேயே மெதுவாக ஓட்டிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் வேகமாக. பிறகு ஒரு துள்ளல். நேராக எழுந்து, நேராகவே இறங்குவது. துள்ளல்கள் நீண்டுகொண்டே போயின. 1912 மே 19 அன்று எழுந்த உயரத்துக்கு, நேரே முன்னால் இறங்க மைதானத்தில் இடம் போதவில்லை. திரும்பித்தான் ஆக வேண்டும். காற்றில் விமானத்தைத் திருப்பி இறங்கினார். அன்றோடு அவர் விமானி.

அதே ஆண்டு அவர் திறந்த பறக்கும் பள்ளி 1916 வரை நடந்தது. மாணவர்களில் ஒருவர் ஃபியோரெல்லோ லாகுவார்டியா என்ற இளம் வழக்கறிஞர். பின்னாளில் நியூயார்க்கின் மேயர், இன்று அந்நகரின் ஒரு விமான நிலையத்துக்குப் பெயர் தந்தவர். இருவருக்கும் இடையே நடந்தது பண்டமாற்று. பெல்லாங்கா விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பதில் லாகுவார்டியா அவருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். விமானத்தைத் தனியாகக் கற்றுக்கொண்ட மனிதருக்குக் காருக்கு வாத்தியார் தேவைப்பட்டது வேடிக்கைதான். லாகுவார்டியா முதல் உலகப் போரில் இத்தாலியின் ஃபோஜா நகருக்குப் போய், அங்கே பயிற்சி பெற்ற அமெரிக்க விமானிகளுக்குத் தலைமை தாங்கினார்.

போர்க்காலத்தில் மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுனில் ஓர் உருக்கு நிறுவனம் பெல்லாங்காவை வேலைக்கு எடுத்துப் பயிற்சி விமானங்களை வரையச் சொன்னது. போர் முடிந்ததும் ஆர்டர்கள் நின்றன, நிறுவனமும் நொடித்தது. 1921-ல் அவர் நெப்ராஸ்காவின் ஒமாஹாவுக்குப் போனார். அங்கே மோட்டார் சைக்கிள் வியாபாரி விக்டர் ரூஸ் போன்றவர்களின் பண உதவியோடு 1922-ல் ஒரு விமானம் உருவானது. மாடல் பெயர் சி.எஃப். பயணிகள் மூடிய அறைக்குள் உட்காரலாம். எஞ்சின் வெறும் 90 குதிரைத்திறன். போட்டிகளில் கலந்துகொண்டு 13 முதல் பரிசுகளை வாங்கியது.

யாரும் அதை விலைக்குக் கேட்கவில்லை. போரில் மிஞ்சிய பழைய ஜென்னி விமானங்களை அரசு சில நூறு டாலருக்குத் தள்ளிக்கொண்டிருந்த சந்தையில், புது விமானத்துக்கு யார் பணம் போடுவார்கள்? சி.எஃப். ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது. அந்த ஒன்றும் இப்போது வாஷிங்டன் அருகே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த விமானத்தில் என்ன விசேஷம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்றைய போக்கு எஞ்சினைப் பெரிதாக்குவது. பெல்லாங்கா கேட்டது வேறு கேள்வி: ஒரு குதிரைத்திறனுக்கு எத்தனை கிலோவை, எவ்வளவு வேகத்தில், எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம்? மேல் இறக்கையை விமானத்தின் உடலோடு பிணைக்கும் சாய்வுத் தாங்கிகள் அக்கால விமானங்களில் வெறும் கம்பிகள். இறக்கையைத் தாங்குவதோடு சரி; மற்றபடி காற்றை எதிர்த்து வேகத்தைத் தின்னும். பெல்லாங்கா அவற்றை அகலமாக்கி, இறக்கையைப் போலவே வளைவு கொடுத்தார். சுமையாக இருந்த உறுப்பு இப்போது தூக்கிவிடும் உறுப்பாக மாறியது. விமானத்தின் உடலையும் அதே கணக்கில் வடித்தார். அதன் பலனை அவரைப் போலக் கறாராகக் கணக்கிட்டுத் தொடர்ந்து விமானத்தில் காட்டியவர்கள் குறைவு. பக்கவாட்டிலிருந்து ஒரு பெல்லாங்கா விமானத்தைப் பார்த்தால் அந்த அகலத் தாங்கிகளை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

எஞ்சின் செய்யும் ரைட் நிறுவனத்துக்கு அப்படி ஒருவர் தேவைப்பட்டார். தங்களுடைய புதிய வேர்ல்விண்ட் எஞ்சினின் பெருமையைக் காட்ட அதற்கேற்ற விமானம் வேண்டும். 1925-ல் பெல்லாங்கா அங்கே சேர்ந்தார். முதல் விமானம் டபிள்யூ.பி.-1 விபத்தில் போனது. இரண்டாவது, டபிள்யூ.பி.-2, 1926-ல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த தேசிய விமானப் போட்டியில் திறன் கோப்பைகளை அள்ளியது. ஆனால் விமானம் தயாரித்து, தன்னிடம் எஞ்சின் வாங்கும் விமானக் கம்பெனிகளுக்கே போட்டியாளராக ரைட் நிறுவனம் விரும்பவில்லை. விமானத்தை விற்க முடிவு செய்தது.

வாங்கியவர் சார்லஸ் லெவின். போரில் எஞ்சிய தளவாடக் கழிவுகளை வாங்கி விற்றுப் பணக்காரரானவர். பெல்லாங்காவையும் கூட்டாளியாக்கிக்கொண்டு கொலம்பியா ஏர்கிராஃப்ட் கார்ப்பரேஷன் தொடங்கினார். விமானத்துக்கும் கொலம்பியா என்றே பெயர் வைத்தார். நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு, அல்லது பாரிசிலிருந்து நியூயார்க்குக்கு, நடுவில் இறங்காமல் பறப்பவருக்கு 25,000 டாலர் தருவதாக ஹோட்டல் முதலாளி ரேமண்ட் ஓர்டீக் அறிவித்த பரிசு அப்போது இன்னும் யாருக்கும் கிடைக்காமல் இருந்தது.

1927 பிப்ரவரியில் தபால் விமானி ஒருவர் 15,000 டாலர் காசோலையோடு நியூயார்க்கில் உள்ள லெவினின் அலுவலகத்துக்கு வந்தார். வயது 25. பெயர் சார்லஸ் லிண்ட்பெர்க். விமானத்தை விற்கச் சம்மதம் என்றுதான் பேச்சு. மேசைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு லெவின் ஒரு நிபந்தனை போட்டார்: பணம் உங்களுடையது, விமானத்தை யார் ஓட்டுவது என்பதை மட்டும் நாங்கள் முடிவு செய்வோம். லிண்ட்பெர்க் காசோலையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். சான் டியாகோவில் ரயன் என்ற சிறிய நிறுவனத்திடம் போய் 10,580 டாலருக்கு ஒரு விமானம் கட்டச் சொன்னார். அதில் பூட்டிய எஞ்சினும் அதே வேர்ல்விண்ட்தான்.

கொலம்பியாவோ அப்போதே தயாராக இருந்த விமானம். ஏப்ரல் 12 அன்று விமானிகள் கிளாரன்ஸ் சேம்பர்லினும் பெர்ட் அகோஸ்டாவும் அதில் ஏறி லாங் ஐலண்டின் மேலேயே வட்டமடித்தார்கள். இறங்கியபோது 51 மணி 11 நிமிடம் 25 விநாடி ஆகியிருந்தது. உலகச் சாதனை. பறந்த தூரம் ஏறக்குறைய 6,600 கி.மீ.; நியூயார்க்கிலிருந்து பாரிஸ் 5,800-தான். கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

கிளம்பவில்லை. ஏப்ரல் 24 அன்று பெயர்சூட்டு விழா நடந்து, இரண்டு சிறுமிகளை ஒரு சுற்று அழைத்துப் போனபோது தரை விட்டு எழும்பும் நேரத்தில் சக்கரத்தின் தாங்கி உடைந்தது. ஒற்றைச் சக்கரத்தில் சாய்த்து இறக்கி சேம்பர்லின் எல்லோரையும் காப்பாற்றினார். அதைச் சரிசெய்ய அதிக நாள் ஆகவில்லை. சரிசெய்ய முடியாதது லெவினின் மனம். யார் ஓட்டுவது என்று தினம் ஒரு முடிவு. அகோஸ்டா விலகினார். வழிகாட்டியாக வர இருந்த லாயிட் பெர்ட்டோ, ஒப்பந்தமும் குடும்பத்துக்குக் காப்பீடும் கேட்டார். தகராறு முற்றி நீக்கப்பட்டதும் நீதிமன்றம் போய்த் தடை வாங்கிவிட்டார். பெட்ரோல் நிரப்பி, எண்ணெய் போட்டு, வானிலை பார்த்து எல்லாம் முடிந்த விமானம் கொட்டகைக்குள் நீதிமன்ற ஆணையோடு நின்றது. மே 20 காலையில் லிண்ட்பெர்க் பறந்துவிட்டார். தடை விலகியதும் அதே நாள்தான்.

இந்த இடத்தில் பலரும் லெவினைக் கோமாளியாக்கிக் கதையை முடித்துவிடுவார்கள். அது நியாயம் இல்லை. பணம் போட்டவர் அவர். ஜூன் 4 அன்று கொலம்பியா கடைசியில் கிளம்பியபோது, யாரும் எதிர்பாராத வகையில் சேம்பர்லினுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவரும் அவரே. உயிரைப் பணயம் வைத்து அட்லாண்டிக்கைத் தாண்டிய முதல் விமானப் பயணி லெவின்தான். எரிபொருள் தீர்ந்து அவர்கள் இறங்கிய இடம் ஜெர்மனியின் ஐஸ்லெபன் நகருக்கு அருகே ஒரு வயல். சுமார் 43 மணி நேரம், 6,290 கி.மீ.க்கு மேல். லிண்ட்பெர்க்கின் தூரத்தை இரண்டே வாரத்தில் மிஞ்சியாயிற்று. லிண்ட்பெர்க்கின் விமானத்தில் முன்பக்கம் முழுக்க எரிபொருள் தொட்டி. நேரே முன்னால் பார்க்கக் கண்ணாடிகூட இல்லை. கொலம்பியாவிலோ ஓட்டுபவரும் பயணியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். பொறியியல் என்ற அளவில் எது மேலானது என்பதில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை. உலகம் நினைவில் வைத்திருப்பது முதலில் போனதை.

ஜூலை 4 தேதியிட்ட டைம் பத்திரிகையின் அட்டையில் பெல்லாங்காவின் படம் வந்தது. அதற்குள் அவர் லெவினோடு உறவை முறித்துக்கொண்டிருந்தார்.

அதே ஆண்டு முடிவில் டு பான்ட் குடும்பத்தின் ஆதரவோடு டெலவேர் மாநிலத்தின் நியூ காசில் நகரில் பெல்லாங்கா ஏர்கிராஃப்ட் கார்ப்பரேஷன் உருவானது. முதல்முறையாகத் தொழிற்சாலையின் பெயர்ப்பலகையில் அவர் பெயர். 1931-ல் அந்தப் பெயர் விமான உலகின் மூலைமுடுக்கெல்லாம் கேட்டது. மே மாதம் வால்டர் லீஸ், ஃபிரெடெரிக் பிராஸி என்ற இருவர், டீசல் எஞ்சின் பூட்டிய பெல்லாங்கா விமானத்தில் ஃபுளோரிடா கடற்கரை மேலே 84 மணி 32 நிமிடம், நடுவில் எரிபொருள் நிரப்பாமல் பறந்தார்கள். 1986-ல் வாயேஜர் விமானம் உலகத்தையே ஒரே மூச்சில் சுற்றி வரும்வரை, 55 ஆண்டுகள் அந்தச் சாதனை நின்றது. ஜூலையில் வேறு இருவர் நியூயார்க்கிலிருந்து இஸ்தான்புல் வரை இறங்காமல் பறந்தார்கள்.

அக்டோபரில் நடந்தது இன்னும் துணிச்சலானது. கிளைட் பாங்போர்னும் ஹியூ ஹெர்ன்டனும் ஜப்பானின் மிசாவா அருகே உள்ள கடற்கரையிலிருந்து மிஸ் வீடால் என்ற பெல்லாங்கா விமானத்தில் கிளம்பினார்கள். பாரம் குறைக்க, கிளம்பிய பிறகு சக்கரங்களையே கடலில் உதறிவிடுவது திட்டம். சக்கரங்கள் கழன்றன; இரண்டு தாங்கிக் கம்பிகள் கழலாமல் தொங்கின. அவை இருந்தால் இறங்கும்போது வயிற்றைக் கிழிக்கும். பாங்போர்ன் பசிபிக் மேலே, உறையும் குளிரில், வெளியே ஏறி நின்று அவற்றைக் கழற்றி எறிந்தார். 41 மணி நேரத்துக்குப் பிறகு வாஷிங்டன் மாநிலத்தின் வெனாச்சியில் விமானம் வயிற்றால் உராய்ந்து நின்றது. பசிபிக்கை இறங்காமல் தாண்டிய முதல் பறப்பு அது.

எல்லாப் பறப்பும் இப்படி முடியவில்லை. 1933 ஜூலையில் லித்துவேனியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய இருவர், டாரியஸும் கிரேனஸும், பழைய பெல்லாங்கா ஒன்றை மாற்றிக் கட்டி, லித்துவானிகா என்று பெயரிட்டு நியூயார்க்கிலிருந்து தாய்நாட்டை நோக்கிப் பறந்தார்கள். 37 மணி நேரம், 6,400 கி.மீ. கடந்து, வீடு எட்டும் தூரத்தில் காட்டு மரங்களில் மோதி இருவரும் இறந்தார்கள். அவர்களின் படத்தை லித்துவேனியா பின்னால் தன் 10 லிடாஸ் நோட்டில் அச்சிட்டது. குடியேறிய ஒருவர் வரைந்த விமானத்தில் குடியேறிய இருவர் ஊர் திரும்ப முயன்ற கதை அது.

இந்தச் சாதனைகளால் வயிறு நிறையவில்லை. பெல்லாங்காவுக்குக் கைகொடுத்தது பாரம் சுமக்கும் வேலை. ஏர்குரூசர் என்ற பெரிய விமானம் கனடாவின் வடகோடிச் சுரங்கங்களுக்குச் சாமான் ஏற்றிப் போய்த் தாது ஏற்றி வந்தது. அதன் தாங்கிகள் இறக்கையே போல அகன்று விரிந்திருக்கும். எஞ்சிய ஒன்று அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், தனியார் விமானத் தொகுப்பு ஒன்றில் பாதுகாக்கப்பட்டது. அந்த ஊரின் பெயர் மெட்ராஸ். நம் ஊர் மெட்ராஸ் துணியிலிருந்து வந்த பெயர் என்பது அங்கே சொல்லும் கதை.

ஒப்பிட ஒருவரை அருகிலேயே தேடலாம். 1929-ல் இந்தியாவில் முதல் விமானி உரிமம் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டா, 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் ஏற்றித் தானே ஓட்டிப் போனார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராசுக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். ஓட்டியவரும் முதலாளியும் ஒருவரே என்பதால் எந்த நீதிமன்றமும் அந்த விமானத்தைக் கொட்டகையில் நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் டாட்டா ஓட்டியது இங்கிலாந்தில் கட்டிய புஸ் மாத். பணமும் கையும் மூளையும் ஒரே இடத்தில் கூடுவது எங்குமே அபூர்வம்தான். பலெர்மோவில் ஃப்ளோரியோ குடும்பத்தின் கப்பல், மீன், ஒயின் எல்லாமே 1930-கள் முடிவதற்குள் ஒவ்வொன்றாகக் கைமாறின. பந்தயம் மட்டும் அவர்கள் பெயரில் 1977 வரை ஓடியது.

நியூ காசிலில் நெருக்கடி வந்தது பெரிய ஆர்டர்கள் வராததால். டக்ளஸ், போயிங் நிறுவனங்களின் முழு உலோக விமானங்கள் பயணிகள் சந்தையைப் பிடித்தன. மரமும் எஃகுக் குழாயும் துணியும் சேர்த்துக் கட்டும் பெல்லாங்காவுக்கு அங்கே இடமில்லை. கொலம்பியாவும் 1934 ஜனவரியில் அதே தொழிற்சாலையின் கொட்டகையில் நடந்த தீவிபத்தில் எரிந்தது. இரண்டாம் உலகப் போரின் நடுவே அவர் நியூ ஆர்லியன்ஸில் ஹிக்கின்ஸ் நிறுவனத்தின் விமானப் பிரிவுக்குத் தலைவராக இருந்து சரக்கு விமானங்களை வரைந்தார். போருக்குப் பிறகு தனிநபர்கள் ஓட்டும் சின்ன விமானங்கள் வந்தன. 1950-களின் நடுவில் நிறுவனத்தை விற்றுவிட்டு, மகன் ஒகஸ்டோடு சேர்ந்து கண்ணாடி இழை போன்ற புதுப் பொருட்களில் விமானம் கட்டும் ஆய்வில் இறங்கினார். 1960 டிசம்பர் 26 அன்று நியூயார்க்கில் இரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

அந்த ஆய்வை மகன் விடவில்லை. ஸ்கைராக்கெட் 2 என்ற கண்ணாடி இழை விமானம் 1975-ல் வேகச் சாதனைகள் படைத்தது. உற்பத்திக்குப் போகப் பணம் சேரவில்லை. விற்ற நிறுவனத்தின் பெயரோ வேறு முதலாளிகளிடம் மாறி மாறிப் போய், மினசோட்டாவின் அலெக்ஸாண்ட்ரியாவில் பெல்லாங்கா வைக்கிங் என்ற விமானமாகப் பல ஆண்டுகள் விற்பனையானது. அதன் இறக்கை, ஷாக்காக்காரர் பழகியிருந்த முறையில், முழுக்க மரம்.